கழுத்து டெஸ்ட்

சாம்பல் நிறத்தில் ஓர் அட்டை. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரியது. அதை என் அக்கா தாடைக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மரக்காணம் உப்பளத்து வரப்பில் நிற்கிறாள். காலை வெயில் பக்கவாட்டில் அடிக்கிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் பெயர் எழுதிய சிலேட்டைக் கொடுத்து நிற்க வைத்துப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். அதற்கும் பின்னால் பாத்திகளில் அசையாத தண்ணீர். ஓரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற ஒரு பஸ்ஸின் பாதி. படம் எடுத்தவர் அவளுடைய கணவர், என் மாமா. அட்டை எதற்கென்றால் அன்றைய வெளிச்சத்தின் நிறத்தை அளப்பதற்கு. அக்கா எதற்கென்றால் அட்டையைப் பிடிப்பதற்கு. இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் சொன்னார்.

மாமாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அம்மா, "எழுதுறதுன்னா நல்லவிதமா எழுதுடி. வூட்டு மாப்பிள்ள" என்றாள். முயன்று பார்க்கிறேன். அவர் குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைத் தவறவிட மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. கிளியனூர் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். நல்லவிதமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். விரிவுரையைக் கல்லூரி வாசலோடு விட்டுவிட்டு வருகிறவர் இல்லை அவர். மோர் வேண்டுமா என்று கேட்டால் தயிருக்கும் மோருக்கும் என்ன வேறுபாடு என்பதில் தொடங்குவார். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வீட்டு மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், அதன் வேலை, அது எப்படிப் பலவீனமாகிறது எல்லாவற்றையும் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்கா காபித் தட்டோடு வந்து நின்றது அவருக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் போன பிறகும் விசிறி பழையபடியே சுற்றியது.

கேமரா அவர் வாழ்க்கைக்குள் வந்தது கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து. பெரிய கேமரா. அதற்கென்று தோள்பை, பைக்குள் சின்னப் பைகள், அந்தப் பைகளுக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற பொட்டலங்கள். கடற்காற்று கேமராவுக்கு ஆகாது என்று அந்தப் பையைப் படுக்கையறை அலமாரியில் வைத்தார். அக்காவின் புடவைகள் கூடத்து டிரங்குப் பெட்டிக்குப் போயின. சரி, ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்கிய மனிதர், நாலு படம் எடுப்பார் என்று நாங்களும் காத்திருந்தோம். படங்களையும் எடுத்தார். ஆனால் ஒன்றைக்கூட நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஏனென்றால் எல்லாம் ரா.

ரா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் திண்டிவனத்தில் ஒரு கலர் லேபில் ஆல்பம் வடிவமைக்கிறேன், எனக்கு இது தினப்படிப் பிழைப்பு. கேமராவுக்குள் விழுந்த வெளிச்சத்தை எந்தக் கைவேலையும் செய்யாமல் அப்படியே மூட்டை கட்டி வைப்பதுதான் ரா ஃபைல். அதை ஒரு சாஃப்ட்வேரில் போட்டு, நிறம் இவ்வளவு, வெளிச்சம் இவ்வளவு, கூர்மை இவ்வளவு என்று தீர்மானித்துப் படமாக மாற்ற வேண்டும். ஒரே மாவில் வீட்டுக்கு வீடு இட்லி வேறு வேறாக வருகிற மாதிரி, ஒரே ஃபைல் ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் ஒவ்வொரு விதமாக வரும். எங்கள் லேபுக்கு வருகிற கல்யாணப் போட்டோகிராபர்கள் ஏதாவது ஒன்றைப் பழகிக்கொண்டு, மணமக்கள் விருந்துக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆல்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மாமாவோ எந்த சாஃப்ட்வேர் சிறந்தது என்று முடிவாகாமல் ஒரு படத்தையும் மாற்றுவதாக இல்லை. அவர்கள் புது வீட்டைப் பங்குச் சாமியார் வந்து மந்திரித்த அன்று எடுத்த படங்கள் இன்னும் ராவாகவே கிடக்கின்றன. அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒரு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. படத்தில் கேக் வெட்டுகிற என் அப்பா இப்போது இல்லை. அவருடைய மூன்றாம் மாதப் பூசைக்கு மாலை போட ஒரு நல்ல படம் கேட்டபோது, "கலர் இன்னும் செட் ஆகல, அவசரப்பட்டா அசிங்கமா வரும்" என்றார் மாமா. கடைசியில் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். முகம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

அவருடைய ஒப்பீட்டுப் பந்தயத்தில் நான்கு சாஃப்ட்வேர்கள் ஓடின. கேமராவோடு கம்பெனியே கொடுத்தது ஒன்று. அது நிறத்தைச் சரியாகக் காட்டும், ஆனால் ஒரு படத்தைத் திறப்பதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். மாதச் சந்தா கட்டுகிறது இன்னொன்று. இருட்டை எல்லாம் திறந்து காட்டும், ஆனால் தோலை மெழுகு பூசின மாதிரி வழவழப்பாக்கிவிடும். வெளிநாட்டு ஸ்டுடியோக்காரர்கள் மெச்சுவது மூன்றாவது. அதை மாமா மரியாதையாகப் "பெரியவர்" என்று அழைத்தார். நான்காவது யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்டது. அதில் எதையும் மறைக்கிற வசதி கிடையாது. படத்தில் புள்ளி இருந்தால் புள்ளி, கறை இருந்தால் கறை. அதை மட்டும் அவர், "பத்தாங்கிளாஸ் பசங்க எழுதின மாதிரி இருக்குது" என்று ஒதுக்கினார். என் வேலையைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. "உங்க லேப்ல எல்லா மூஞ்சிக்கும் சுண்ணாம்பு அடிச்சு அனுப்புறீங்க" என்பார். நாங்கள் சுண்ணாம்பு அடிப்பது உண்மைதான். பெண் வீட்டார் கேட்கிறார்கள், அடிக்கிறோம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் அந்த முகத்தை ஒரு தடவை பார்க்கிறோம்.

சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்த படம்தான் அக்கா உப்பளத்தில் நிற்பது. காரணத்தை எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். அன்று அக்கா சங்கரா மீன் குழம்பு வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். "உப்பு வெள்ளையோட உச்சம் பாப்பா. உங்க அக்கா கருப்போட உச்சம். ரெண்டையும் ஒரே ஃபிரேம்ல புடிச்சு, வெள்ள வெளுத்துப் போவாம, கருப்பு அடைச்சுப் போவாம வெளியில எடுக்குது பாரு, அதான் சாஃப்ட்வேர்." என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே, "டெஸ்ட்டு பண்ணத்தான் என்னைய கட்டிக்கினாரு போலக்குது" என்று சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்புதான். அவரைப் பொறுத்தவரை படத்தில் அக்கா ஓர் இருட்டுப் பகுதி. அந்தப் பகுதியைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, கண்ணிமை மயிரை எண்ணுகிற அளவுக்கு அவர் பார்த்தார். எந்தக் கணவனும் மனைவியை அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு நாள் பார்த்திருக்க மாட்டான்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அவள் அனுமந்தைப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் பதினைந்து பதினாறு வயதிலிருந்து பாடினவள். பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு வருகிற பதிலுரைப் பாடலை அவள்தான் எடுப்பாள். எங்கள் ஊரில் ஆண்கள் பாதிப் பேர் பூசைக்குக் கோயிலுக்குள் வர மாட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்று மீன் விலையும் கட்சி விவகாரமும் பேசிக்கொண்டு, நற்கருணை அப்பம் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் செருப்பைக் கழற்றுவார்கள். அக்கா பாட்டை எடுத்தால் அந்தப் பேச்சு நிற்கும். நான் கோயிலுக்குள் இருந்துகொண்டே வெளியே அமைதியாவதைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, வேலைக்குப் போகவில்லை, நிறமும் இல்லை என்று பெண் கேட்டு வந்தவர்கள் முகம் சுளித்துப் போயிருக்கிறார்கள். இந்தக் குரல் இருந்ததால்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். கல்யாணமாகி மரக்காணத்துக்குப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் இங்கே வந்துதான் பாடினாள். மாமா அவளைப் பைக்கில் கொண்டுவந்து விடுவார். அந்த ஓர் உதவியை நான் மறுக்கவில்லை.

அந்த உப்பளப் படத்தை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எடுத்தார்கள். அட்டையோடு சில, அட்டை இல்லாமல் சில. அட்டை இல்லாத படங்களில் அக்காவின் கழுத்தில், இடது பக்கம், ஒரு நிழல் இருந்தது. கொட்டைப்பாக்கு அளவில் ஒரு மங்கல். நேரே விழும் வெளிச்சத்தில் தெரியாது. தரையோடு தரையாக வருகிற காலை வெயிலில்தான் தெரியும். மாமா அதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கம்பெனி சாஃப்ட்வேரில் அது பழுப்பாக வந்தது. பெரியவரில் நீலம் ஓடியது. சந்தா சாஃப்ட்வேரில் ஸ்லைடரை ஒரு பக்கமாக நகர்த்தினால் நிழல் கரைந்து, கழுத்து பட்டுப் போல ஆகிவிட்டது. இலவச சாஃப்ட்வேரில் மட்டும் அது நிழலாக இல்லாமல், விளிம்போடு உருண்டையாக, வெட்கமில்லாமல் நின்றது. ஆகவே இலவச சாஃப்ட்வேருக்குக் குறைந்த மதிப்பெண்.

புதுச்சேரியில் இவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு புகைப்பட ஆர்வலர் சங்கம் இருந்தது. அதன் வாட்ஸ்அப் குழுவில் இந்த ஃபைலைப் போட்டார். எல்லோரும் இறக்கிக்கொண்டார்கள். எல்லோரும் அவரவர் கணினியில் என் அக்காவின் கழுத்தைத் திறந்து, இழுத்து, வெளுக்க வைத்து, கறுக்க வைத்து, முடிவுகளைப் போட்டார்கள். கொஞ்ச நாளில் அதற்கொரு பெயரே வந்துவிட்டது. எந்த சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்தாலும் யாராவது ஒருவர், "கழுத்து டெஸ்ட்ல பாஸா?" என்று கேட்பார். அந்தக் குழுவில் இன்ஜினியர்கள் இருந்தார்கள், பேங்க் மேனேஜர் இருந்தார், ஒரு பல் டாக்டர்கூட இருந்தார். பல் டாக்டர் தன் கருத்தாக, அது கேமராவின் சென்சார் இருட்டில் உண்டாக்குகிற இரைச்சல், வெறும் புள்ளிக் கறை என்று எழுதினார். படித்த மனிதர்கள், பொழுதுபோக்காக இந்தக் கடற்கரை முழுக்க சூரிய உதயம் பிடிக்கிறவர்கள், ஒருவருக்கும் அந்தக் கழுத்து ஒரு பெண்ணுக்குச் சொந்தமானது என்று தோன்றவில்லை.

இதே காலத்தில்தான் அக்கா வீட்டில் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு இது பின்னால்தான் தெரியும். "என்னங்க, மேல எடுத்துப் பாடும்போது இங்க யாரோ கைய வெச்சு புடிக்கிற மாதிரி இருக்குது" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். அவர் கணினியிலிருந்து திரும்பியிருக்கிறார். திரும்பி, உப்புக் காற்று தொண்டையின் ஈரத்தை எப்படி இழுக்கிறது என்று விளக்கியிருக்கிறார். மிளகுப் பால் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அவள் தொட்டுக் காட்டிய இடமும் திரையில் அவர் அப்போது பெரிதாக்கி வைத்திருந்த இடமும் ஒன்றுதான். அவள் மிளகுப் பால் குடித்தாள்.

அந்த நிழல் எந்த சாஃப்ட்வேரிலும் முழுதாகச் சரியாகாததால் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். கோளாறு கேமராவில்தான். தோள்பையில் வைத்து, பையைத் துணியில் சுற்றி, லீவு போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோய் சர்வீஸில் கொடுத்தார். அங்கே அதைப் பிரித்து, துடைத்து, சென்சாரில் பழுது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இதை நான் எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. கணவன் கேமராவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். திரும்பி வந்ததும் அக்காவை அதே வரப்பில், அதே நேரத்துக்கு, அதே புடவையில் நிறுத்தி மறுபடி எடுத்தார். நிழல் முன்னைவிடப் பெரிதாக இருந்தது. "சர்வீஸுக்கு அப்புறம் இன்னும் மோசம். ஏமாத்திட்டானுங்க" என்று குழுவில் எழுதினார். நிறையப் பேர் வருத்தம் தெரிவித்தார்கள்.

நான் அந்தப் படத்தை முதல்முதலாகப் பார்த்தது ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது. அதற்கு முன் அக்காவை ஈஸ்டரில் பார்த்தது. பிரியாணி முடிந்து எல்லோரும் கண் அயர்ந்த மத்தியானம். மாமா என்னை அறைக்குள் கூப்பிட்டார். திரையில் நான்கு கட்டங்கள், நான்கிலும் கழுத்து.

"பாப்பா, நீ லேப்ல இருக்கிறவ. கண்ணு பழகியிருக்கும். எது பெஸ்ட்டு, சொல்லு."

நான் பார்த்தேன். இலவச சாஃப்ட்வேரின் கடைசிக் கட்டத்தில் கண் போய் நின்றது. "மாமா, அக்கா கழுத்துல என்னா அது?"

அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா? உனக்கும் தெரியுதில்ல? இதான் பிராப்ளமே. இத்தன மாசமா இதோடதான் மல்லுக்கட்டிக்கினு இருக்கேன்."

"நிழலு இல்ல மாமா. கட்டி."

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். பாடம் புரியாத மாணவியைப் பார்க்கிற சிரிப்பு அது. "கட்டியா இருந்தா நாலுலயும் ஒரே மாதிரி தெரியணும்ல? இங்க பாரு" என்று சந்தா சாஃப்ட்வேரின் கட்டத்தைக் காட்டினார். அங்கே கழுத்து பட்டுப் போல இருந்தது. "இதுல இல்லவே இல்ல. அப்ப எப்பிடி கட்டி?"

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அக்கா பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். "என்னாடி, சந்தையில ஆடு புடிக்கிற மாதிரி புடிக்கிற?" என்றாள். எச்சில் முழுங்கு என்றேன். முழுங்கினாள். என் விரலுக்குக் கீழே அது மேலே ஏறி இறங்கியது. உருண்டையாக, கெட்டியாக, படத்தில் கடைசிக் கட்டத்தில் இருந்த அதே விளிம்போடு. என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பதை நிறுத்தினாள். சோப்புக் கையோடு அவளும் தடவிப் பார்த்துக்கொண்டாள். "இது... பாடும்போது அடைக்குதே, இதானாடி?" என்று கேட்டாள். அவள் முதலில் கேட்டது அதைத்தான், உயிரைப் பற்றி இல்லை.

மறுநாளே திண்டிவனத்தில் காட்டினோம், அங்கிருந்து புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. ஊசி போட்டு எடுத்துச் சோதித்தார்கள். தைராய்டில் புற்று. மெதுவாக வளர்கிற வகை, உயிருக்கு ஆபத்தில்லாமல் எடுத்துவிடலாம் என்றார்கள். டாக்டர் அக்காவிடம், எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து, "தவக்காலத்துல எடுத்த படத்துலயே தெரியுது சார்" என்றார். தெரிந்தும் ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்டதும், "தெரிஞ்சுது சார், ஆனா ஷேடோன்னு..." என்று ஆரம்பித்து என்னைச் சாட்சிக்கு அழைப்பதுபோலப் பார்த்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் படமாகப் பிடித்து மாட்டி வைக்க எனக்கு ஆசை.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்து சொன்னதை அப்படியே சொல்கிறேன். "கட்டிய எடுத்தாச்சும்மா. ஆனா குரலுக்குப் போற நரம்பு ஒண்ண அது சுத்திப் புடிச்சிக்கினு இருந்துது. அந்தப் பக்கம் காப்பாத்த முடியல. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நரம்ப விட்டுட்டு எடுத்திருக்கலாம்." பேசலாம், ஆனால் பழைய குரல் வராது என்றார். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். மாமாவும் அழுதார், அதை மறைக்கக் கூடாது. வார்டில் ராத்திரி பகலாக இருந்தார். கஞ்சி ஊட்டினார். ஆனால் மூன்றாவது நாளே பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு அயோடின் பற்றி வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டார். உப்பளத்து உப்பில் இயற்கையாக அயோடின் கிடையாது, பாக்கெட் போடும்போதுதான் சேர்க்கிறார்கள் என்று சொல்லி, எங்கள் ஊர் உப்பின்மேல் குற்றத்தைப் போட்டார். இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் வகுப்பு நடந்தது. அக்கா கட்டுப் போட்ட கழுத்தோடு மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாத்துக்குடிப் பையோடு உறவுக்காரர்கள் வந்தார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் கதை சொன்னார். முதல் நாள் கதையில், "பாப்பா பாத்துட்டு கட்டின்னா, எனக்கும் டவுட்டு இருந்துது" என்று நான் இருந்தேன். ஒரு வாரத்தில் நான் காணாமல் போனேன். "கேமரா கண்ணுலதான் மொதல்ல பட்டுது" என்றார். அடுத்த வாரம் கேமராவும் போய், "நான் ராவுல எடுத்ததால தப்பிச்சா, சாதா ஜேபெக்குல எடுத்திருந்தா தெரிஞ்சிருக்காது" என்று ஆனது. வந்தவர்கள், புத்திசாலி மாப்பிள்ளை என்று வாய் பிளந்தார்கள். மறுத்துச் சொல்ல அக்காவுக்குக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றும், அதற்கு நடுவே உடைந்த ஒரு சத்தமும் வந்தன. கோயிலில் சில ஞாயிறு பாடற்குழு பெஞ்சிலேயே பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பெண்கள் வரிசையில் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்போது பதிலுரைப் பாடலை ஒரு சின்னப் பெண் பாடுகிறாள், பரவாயில்லாமல் பாடுகிறாள். வேப்பமரத்தடியில் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

போன வருடம் அந்தப் புகைப்படச் சங்கத்தின் ஆண்டு விழாவில் மாமாவைப் பேச அழைத்தார்கள். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். "ஓர் உயிரைக் காத்த ரா ஃபைல்" என்று எழுதி, மாமா கேமராவோடு நிற்கிற படம் போட்டிருந்தார்கள். குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அக்காவும் வந்தாள், அவளோடு நானும் போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அக்கா தழும்பு தெரியாமல் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள். பல் டாக்டர் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மாமா நான்கு கட்டங்களையும் திரையில் போட்டு, சிவப்பு அம்புக்குறி போட்டுக் காட்டி, எந்த சாஃப்ட்வேர் உண்மையைச் சொல்கிறது என்று விளக்கினார். இப்போது இலவச சாஃப்ட்வேருக்கு முதல் மதிப்பெண். கேமராவைச் சென்னைக்குக் கொண்டுபோனது அந்தப் பேச்சில் வரவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும், அவர்களும் மறந்துவிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கைதட்டல் பலமாக இருந்தது.

பிறகு அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். அவள் போய் அவர் பக்கத்தில் நின்றாள். பின்னால் இருந்து யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "மேடம் கோயில்ல சூப்பரா பாடுவாங்கன்னு சார் சொல்லியிருக்காரு. ரெண்டு வரி பாடச் சொல்லுங்க" என்றார். நான் எழுந்துவிட்டேன். மாமாவும், "இல்ல, இப்ப வேணாம், டைம் ஆவுது" என்று சொல்லிக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். அதற்குள் அக்கா அதை எடுத்துக்கொண்டாள்.

பாடினாள். எங்கள் கோயிலில் அவள் எத்தனையோ ஞாயிறு பாடிய ஒரு பதிலுரைப் பாடல்தான். முதல் வரி காற்றும் கரகரப்புமாக வந்தது. இரண்டாவது வரியில் மேலே ஏற வேண்டிய இடம் ஒன்று உண்டு. வேறு யாராக இருந்தாலும் அதைத் தவிர்த்துக் கீழேயே பாடியிருப்பார்கள். அவள் தவிர்க்கவில்லை. முகத்தை உயர்த்தி, முன்பு எப்படி ஏறுவாளோ அப்படியே ஏறினாள். சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது. அந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் அந்த மூச்சைப் பிடித்து நிறுத்தி, பிறகு கீழே இறங்கி வரியை முடித்தாள். மண்டபத்தில் ஒருவரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பல் டாக்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மேடை ஓரத்துக்குப் போய், கீழே இருந்த மைக் செட்காரரிடம் குனிந்தார். "ஏம்பா, மைக்க கொஞ்சம் பாரு. வாய்ஸ் கட் ஆவுது" என்றார். அவமானத்தில் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் அவருக்குத் தோன்றியதா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்காக உட்கார்ந்து அதை யோசிக்க எனக்கு நேரமில்லை. பாவம், அந்த மைக் செட்காரர் பதறி எழுந்து, பெட்டியில் ஏதேதோ குமிழைத் திருகினார்.

அக்கா அவரைப் பார்த்து, மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மைக்கு நல்லாத்தாங்க இருக்குது" என்றாள்.

மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். மேடையில் மாமா இன்னும் அந்த மனிதரிடம் ஏதோ ஒரு ஒயரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.